போர்வையும் கூலியும் – ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

கொருக்குப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். மே 1, தொழிலாளரான சூசையப்பர் திருநாள் பூசையில் எங்கள் ஃபாதர், வெளி மாநிலத் தொழிலாளர்களோடு நாம் தோழமையாக இருக்க வேண்டும் என்று பிரசங்கம் வைத்தார். அடுத்த அன்பியக் கூட்டத்தில் (எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடுவது) அதையே பேசினோம். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு ஷெட்டில் ஒடிசா, ஜார்கண்ட் பையன்கள் நாற்பது பேர் தங்கியிருக்கிறார்கள். போன கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் போர்வையும் கொடுத்தோம். இந்த முறையும் அப்படி ஏதாவது செய்யலாம் என்று பேச்சு வந்தது.

என் மாமா லோடுமேனாக இருந்தவர். இப்போது வாரத்தில் இரண்டு நாள் வேலை கிடைத்தால் பெரிது. "என் சோத்துல மண்ணைப் போட்டவனுக்கு நானே போர்வை வாங்கித் தரணுமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. இன்னொருவர், நாம் அங்கே போய்ப் பேசினால் மதம் மாற்றுகிறார்கள் என்று யாராவது வீடியோ எடுத்துப் போட்டுவிடுவார்கள் என்றார். கூட்டம் அதோடு கலைந்தது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? என் பெயரைப் போட வேண்டாம்.

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் மாமாவை எனக்குப் பிடித்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் கூலியைப் பற்றிப் பேசிய ஒரே ஆள் அவர்தான்.

அவர் சொல்வதில் பொய் இல்லை. உள்ளூர் ஆளைவிடக் குறைந்த கூலிக்கு, கூடுதல் நேரத்துக்கு, ஞாயிறும் திங்களும் பார்க்காமல் வேலை செய்ய ஒருவன் கிடைத்தால் மேஸ்திரி அவனைத்தான் கூப்பிடுவார். ஆனால் குறைந்த கூலி போதும் என்று அந்தப் பையன் ஊரிலிருந்து கிளம்பவில்லை. ரயில் ஏறும் முன்பே கையில் கொஞ்சம் அட்வான்ஸ். இங்கே வந்ததும் அதற்குப் பிடித்தம், சாப்பாட்டுக்குப் பிடித்தம், ஷெட்டுக்குப் பிடித்தம். மஸ்டர் ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், அவன் பெயரே இருக்காது. பெயர் இல்லாத ஆளுக்கு என்ன கொடுத்தாலும் யார் கேட்கப் போகிறார்கள்?

மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளர்களுக்கென்று 1979-ல் ஒரு சட்டம் போட்டார்கள். அதே வேலையைச் செய்கிற மற்றவர்களுக்குக் கொடுப்பதைவிடக் குறைந்த கூலியை வெளியூர்க்காரருக்குக் கொடுக்கக் கூடாது என்று அதிலேயே இருந்தது. யோசித்துப் பாருங்கள், அந்த விதி உங்கள் மாமாவின் கூலிக்கும் போட்ட வேலிதான். வேலியை யாரும் காவல் காக்கவில்லை, அது வேறு கதை. அந்தச் சட்டம் வெளி மாநிலத்தவர் ஐந்து பேர் இருந்தாலே பொருந்தியது. 2020-ல் அதைத் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் கொண்டுபோனபோது ஐந்தைப் பத்தாக்கிவிட்டார்கள். எட்டுப் பேரை வைத்துப் பட்டறை நடத்துகிறவர் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

நம் பக்கத்தில் இது புதுச் சண்டையும் இல்லை. பெரம்பூர் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களை வைத்து 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்று என்று இன்றும் பெருமையாகச் சொல்கிறோம். மூன்றே வருடத்தில், 1921 வேலைநிறுத்தத்தின்போது, ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் ஆலைக்குள் போனார்கள். சேரியில் மாதக்கணக்கில் பட்டினி கிடக்க யாரிடமும் சேமிப்பு இல்லை. சங்கமும் அவர்களைத் தன் ஆட்களாக நடத்தியதாக எனக்குத் தோன்றவில்லை. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. வேலைநிறுத்தமும் தோற்றது. ஆலை நிர்வாகத்துக்கு அதைவிட வசதியான முடிவு கிடைத்திருக்காது. அன்றைக்கும் தெருவில் சொன்னது "என் சோற்றில் மண்" என்பதாகத்தான் இருந்திருக்கும்.

சரி, கோயில்காரர்கள் இதில் என்ன செய்ய முடியும்? எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். 2018 வாக்கில் மணலி பக்கம் ஒரு பட்டறையில் ஒடிசாப் பையன் ஒருவனுக்கு பிரஸ் மெஷினில் இரண்டு விரல் போயிற்று. முதலாளி ஆஸ்பத்திரி பில்லைக் கட்டினார், ஊருக்கு டிக்கெட்டும் எடுத்தார், கணக்கு முடிந்தது என்றார். நல்ல மனிதர் என்றே எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். எங்கள் பங்குக் கோயிலில், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆன ஒருவர் இருந்தார். அவர் மட்டும், "விரலுக்கு என்ன கணக்கு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒன்றரை வருடம் அலைந்தோம். அவன் அங்கே வேலை செய்தான் என்பதற்கே அத்தாட்சி இல்லை. பையனின் போனில் பட்டறைக்குள் எடுத்த ஒரு செல்ஃபி இருந்தது. பின்னால் அதே மெஷின். அப்புறம் மேஸ்திரி போனில் அனுப்பிய பணத்தின் வரிசை, மாதாமாதம், ஒரே நம்பரிலிருந்து. இந்தியில் பேச பக்கத்து கான்வென்டில் ஒரு சிஸ்டர் கிடைத்தார், சொந்த ஊர் ராஞ்சிப் பக்கம். அவர் பேசினால் பையன் வாய் திறப்பான், எங்களிடம் சிரித்துக்கொண்டே இருப்பான். 1923-ஆம் வருடத்து இழப்பீட்டுச் சட்டத்தில், விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும் என்பது அப்போதைய விதி. தேனாம்பேட்டை லேபர் ஆபீசுக்கு எத்தனை முறை போனோம் என்று நினைவில்லை. கிரேன்காரர் ஒவ்வொரு முறையும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வருவார், கல்யாணத்துக்குப் போகிற மாதிரி. கடைசியில் பேசி முடித்தார்கள். கேட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பட்டறையில் எல்லோர் பெயரும் ரிஜிஸ்டரில் ஏறியது, உள்ளூர் ஆட்கள் பெயர் உட்பட. அவர்களும் அதுவரை அதில் இல்லை என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும்.

பெல்ஜியத்தில் 1925-ல் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்கிய ஜோசப் கார்டைன் சாமியாரைப் பற்றி உங்கள் ஃபாதர் சொல்லியிருப்பார். சாமியாராவதற்குப் படித்த குருமடத்திலிருந்து விடுமுறைக்கு வந்தபோது, ஆலை வேலைக்குப் போய்விட்ட பழைய சிநேகிதர்கள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லையாம். சாமியார் என்றால் முதலாளி பக்கம் என்று நினைத்தார்கள். அந்த அடி அவரைக் கடைசிவரை விடவில்லை. பார், எடைபோடு, செய் என்று அவர் சொல்லிக்கொடுத்த முறையில் முதலில் வருவது பார்ப்பதுதான். நாம் நேரே போர்வைக்குப் போய்விடுகிறோம். போர்வை தப்பில்லை. டிசம்பர் பனியில் சிமென்ட் தரையில் படுக்கிறவனுக்கு அது வேண்டும். கொடுத்ததோடு திரும்பி வந்துவிடுவதுதான் எனக்கு உறுத்துகிறது.

மதமாற்றப் பயத்துக்கு வருகிறேன். அந்த ஷெட்டில் இருக்கும் ஜார்கண்ட் பையன்கள் சிலர் நீங்கள் போகும் முன்பே கத்தோலிக்கர்களாக இருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள். 1885-ல் இன்றைய ஜார்கண்ட் பக்கத்துச் சோட்டா நாக்பூருக்குப் போன கான்ஸ்டன்ட் லீவன்ஸ் என்ற இயேசு சபைச் சாமியார், அவரும் பெல்ஜியக்காரர், நிலச் சட்டத்தைப் படித்து ஜமீன்தார்களுக்கு எதிராகப் பழங்குடிகளின் வழக்குகளை எடுத்து நடத்தினார். அதைப் பார்த்து ஆயிரக்கணக்கானவர்கள் ஞானஸ்நானம் வாங்கினார்கள். அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை, உங்கள் அன்பியத்துக்காரரின் பயம் அங்கிருந்துதான் வருகிறது. எங்கள் கிரேன்காரர் அந்தப் பையனிடம் ஜெபம் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவன் கழுத்தில் ஜகந்நாதர் டாலர் கடைசிவரை தொங்கியது. பக்கத்துப் பள்ளிவாசல்காரர்களையும் தெருவில் உள்ள சங்கத்துக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வீடியோ எடுப்பவர் எடுக்கட்டும், கூலி கேட்பதுதான் அதில் பதிவாகும்.

2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். அசாமிலிருந்து வந்தவர்கள். நம் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். அவர்களில் ஒருவர் பெயரும் எனக்கு அன்றைக்கு முன்னால் தெரியாது. என் பாட்டி 1964-ல் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்து வியாசர்பாடியில் இறங்கியபோது அவளையும் தெருவில் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. 'பர்மாக்காரி' என்றுதான் கூப்பிட்டார்கள். இன்றைக்கு அதே தெருவில் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் சாப்பிட வரிசையில் நிற்கிறோம்.

மாமாவிடம் போர்வைப் பேச்சை எடுக்க வேண்டாம். ஞாயிறு சாயங்காலம் அந்த ஷெட்டுக்கு அவரையே கூட்டிக்கொண்டு போங்கள். நாள் கூலி எவ்வளவு, எத்தனை மணி நேரம், எதெதற்குப் பிடித்தம் என்று கேட்கச் சொல்லுங்கள். இந்தி தெரியாதே என்பார். மூட்டைக் கணக்கில் மேஸ்திரி எங்கே கை வைப்பான் என்று அவருக்குத் தெரியும். மீதிக்கு ஒரு சிஸ்டரைப் பிடித்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அண்ணன்