உல்லன் கோழிக்குஞ்சு: கேள்வி பதில்

உல்லன் நூலை அட்டையில் சுற்றி, வெட்டி, புசுபுசுவென்று இரண்டு பந்துகள் (தலைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று) செய்து, குழந்தையோடு சேர்ந்து கோழிக்குஞ்சு செய்வது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அட்டையை எடுத்ததும் நூலெல்லாம் உதிர்ந்துவிட்டது. மகள் அழுதுவிட்டாள். எங்கே தவறு?

நடு முடிச்சில். இரண்டு அட்டை வளையங்களைச் சேர்த்துப் பிடித்து நூலைச் சுற்றுகிறோம். வெளி விளிம்பில் வெட்டிய பின், இரு அட்டைகளுக்கும் நடுவே வேறொரு நூலை விட்டுக் கட்டுகிறோம். அத்தனை இழைகளையும் பிடித்திருப்பது அந்த ஒரு முடிச்சுதான். உல்லன் நூலால் கட்டினால், இறுக்கும்போது பிய்ந்துவிடும். பருத்திக் குரோஷா நூலை (கொக்கி ஊசியால் பின்னும் நூல்) எடுங்கள். முதல் முடிச்சில் ஒரு சுற்றுக்குப் பதில் இரு சுற்று விட்டு இழுங்கள், நழுவாது. மறுபக்கம் கொண்டுபோய் இன்னொரு முடிச்சு. அதன்பிறகே அட்டையை உருவ வேண்டும். மிஞ்சும் நுனிகளை நறுக்கிவிடாதீர்கள். தலையையும் உடலையும் இணைத்துக் கட்ட அவை வேண்டும்.

கேள்வி: மகனுக்கு நான்கு வயது. வளையத்தின் ஓட்டைக்குள் நூலை நுழைக்கத் திணறுகிறான்.

வளையத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி எடுத்துவிடுங்கள். லாடம்போல் ஆகிவிடும், நூல் பக்கவாட்டிலேயே நுழையும். உடலுக்கு 7 செ.மீ., தலைக்கு 5 செ.மீ. விட்டமுள்ள வளையம் போதும். சுற்றுவது அவன் வேலை, வெட்டுவது உங்கள் வேலை.

கேள்வி: கண்ணுக்குப் பாசிமணி ஒட்டலாமா? வீட்டில் ஒரு வயதுத் தம்பியும் இருக்கிறான்.

கூடவே கூடாது. பொம்மையின் சின்னப் பாகங்கள் குழந்தைக்கு ஆபத்தா என்று ஓர் உருளைக்குள் போட்டுச் சோதிப்பார்கள், அதன் விட்டம் 3.17 செ.மீ. அதற்குள் அடங்கும் எதையும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தரக் கூடாது, தொண்டையில் சிக்கும். கருப்பு நூலில் தைத்துவிடுங்கள். குஞ்சையும் அவனுக்கு எட்டாமல் வையுங்கள். பிய்ந்த இழை குழந்தையின் விரலைச் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டம் தடைபடும்.

கேள்வி: மூக்கைச் சூட்டுப் பசைத் துப்பாக்கியால் ஒட்டலாமா?

குழந்தை பக்கத்தில் இருக்கும்போது வேண்டாம். தையுங்கள்.

கேள்வி: கடையில் உல்லன் என்று தருவது அக்ரிலிக், அதாவது பிளாஸ்டிக். பருத்தியைச் சொல்லாமல் இதை ஏன் பரிந்துரைக்கிறீர்கள்?

நியாயமான கேள்வி. வெட்டிய அக்ரிலிக் நுனி விரிந்து புசுபுசுவென்று நிற்கும். பருத்தி தொங்கும், பந்தும் கனக்கும்.

அவரே மீண்டும்: என் அம்மா பருத்தியில் செய்தார். அழகாகவே இருந்தது.

இருந்திருக்கும். மெல்லிய பருத்தி நூலை நிறையச் சுற்றினால் அடர்த்தி வரும். ஆனால் நான்கு வயதுக் குழந்தை அவ்வளவு நேரம் உட்காராது. என் தயக்கம் அது மட்டும்தான்.

இன்னொருவர்: பழைய ஸ்வெட்டர் இருந்தால்?

இந்த வாதத்துக்கே நல்ல முடிவு அதுதான்! புதிதாக எதையும் வாங்க வேண்டாம். பிரித்தெடுத்த நூலை நனைத்துத் தொங்கவிடுங்கள், சுருள் நிமிர்ந்துவிடும். பிரிக்கும் வேலையைக் குழந்தையிடம் கொடுங்கள், விரும்பிச் செய்யும்.

கேள்வி: எனக்கும் நூல் உதிர்கிறது.

முதல் பதிலைப் பாருங்கள். குரோஷா நூல், இரு சுற்று.

கேள்வி: ஒரு பக்கம் கோணலாக இருக்கிறது. மகள் தூங்கிய பிறகு நானே வெட்டிச் சீராக்கட்டுமா?

வேண்டாம், காலையில் கண்டுபிடித்துவிடுவாள். அவளிடமே கேளுங்கள். சரி என்றால் பந்தை உருட்டிக்கொண்டே நுனிகளை மட்டும் கத்தரியுங்கள்.

கேள்வி: முடிச்சு அவிழ்கிறதே?

குரோஷா நூல், இரு சுற்று.