பெயருக்காகக் காத்திருந்தால் கெடு போய்விடும்

அன்புள்ள அக்கா,

சினிமாவில் உதவி இயக்குநராக இருக்கிறேன். சம்பளம் கிடையாது, பேட்டா மட்டும். சாலிகிராமத்தில் ரூம் போட்டு டிஸ்கஷன், பல நாள் நள்ளிரவு தாண்டும். அங்கே இயக்குநர் நடந்துகொள்ளும் விதத்தைப் புகார் செய்தால், நான் எழுதிய சீன்களுக்கு டைட்டிலில் பெயர் வராது. படம் வெளியாகட்டும் என்று பொறுத்திருக்கிறேன். சரியா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

பொறுக்காதீர்கள். பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் புகார் கொடுத்தாக வேண்டும். தக்க காரணம் இருந்தால், புகாரை விசாரிக்கும் குழு இன்னும் 3 மாதம் தரலாம், அவ்வளவுதான். எந்தப் படம் ஆறு மாதத்தில் வெளியாகிறது? "டைட்டில்ல பேர் போட்டுடலாம்மா" என்ற வாய்வார்த்தையை நம்பி உட்கார்ந்திருந்தால், பெயர் வருகிறதோ இல்லையோ, கெடு நிச்சயம் முடிந்துவிடும்.

சம்பளம் இல்லை, ஆபீஸும் இல்லை என்று தயங்க வேண்டாம். ஊதியம் வாங்காதவரும் அந்தச் சட்டத்தில் பணியாளர்தான். வேலை நிமித்தம் போகும் ரூம், லொக்கேஷன், கம்பெனி வண்டி எல்லாமே பணியிடம். 10 பேர் வேலை செய்தால் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். படத் தயாரிப்பு யூனிட்டுக்கும் இது பொருந்தும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் சொல்லிவிட்டது. "நாங்க எட்டு பேர்தான்" என்று கை விரித்தாலோ, இயக்குநரே முதலாளியாக இருந்தாலோ, மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு உண்டு.

இனி சீன்கள். வாயால் சொன்ன யோசனைக்குக் காப்புரிமை (காப்பிரைட்) இல்லை, எழுதிய வடிவத்துக்குத்தான். அதனால் வசனத்தோடு எழுதி, அன்றிரவே அவருக்கு மெயில் போடுங்கள்: "இன்று பேசிய ஆஸ்பத்திரி சீன், நான் எழுதியது, இணைத்திருக்கிறேன்." வாட்ஸ்அப் வேண்டாம், தானாக அழியும்படி செட்டிங் போட்டுவைக்கும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். இங்கே வேலை பார்த்து எழுதியது கம்பெனிக்குச் சொந்தம் என்று மிரட்டுவார்கள். சொந்தம் வேறு, எழுதியவர் யார் என்பது வேறு. உரிமையை விற்ற பிறகும் இரண்டாவது போகாது என்கிறது காப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு. இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி, தன் நாவலைப் படத்தில் சிதைத்துவிட்டார்கள் என்று இந்தப் பிரிவை வைத்துத்தான் வழக்காடினார். விற்ற கதையானாலும் ஆசிரியர் ஆட்சேபிக்கலாம் என்று 1986இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. ஆக, பெயருக்காக அப்புறமும் சண்டை போடலாம்.

கடைசியாக நடந்தது எப்போது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. தேதியை மட்டும் எழுதி அனுப்புங்கள். எனக்குத் தெரிந்த வழக்கறிஞரிடம் பேசிவிட்டு உடனே சொல்கிறேன்.