அகலப்படுத்திய சாலையில் நீளவாட்டு விரிசல் ஏன்?

கேள்வி: எங்கள் பகுதியில் சாலையை அகலப்படுத்திய பிறகு, பழைய பகுதியும் புதிய பகுதியும் சேரும் இடத்தில் நீளவாட்டில் ஒரு விரிசல் ஓடுகிறது. தார் ஊற்றி அடைத்தாலும் அடுத்த மழைக்குள் மீண்டும் வாய் பிளக்கிறது. மட்டமான தார்தான் காரணம் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், பள்ளிக்கரணை

பதில்: தாரின் மீது பழி போடுவதற்கு முன் விரிசலின் போக்கைக் கவனியுங்கள். தார்க்கலவை தரமற்றதாக இருந்தால் ஜல்லி பெயர்ந்து அங்கங்கே குழி விழும். இணைப்பை ஒட்டி நூல் பிடித்தாற்போல் ஓடும் விரிசல், பெரும்பாலும் அடிமண்ணிலிருந்து வருவது.

கிண்டி, பரங்கிமலைப் பக்கம் பாறை அதிக ஆழத்தில் இல்லை, கடற்கரையோரம் மணல், உங்கள் சதுப்பு நிலப் பகுதியிலோ நீர் செறிந்த மென்களிமண். பழைய சாலைக்குக் கீழுள்ள களிமண், பல ஆண்டுகளாகக் கரையின் (சாலையைத் தாங்கும் மண்மேட்டின்) எடையைச் சுமந்து, தன்னிடமிருந்த நீரை மெல்ல வெளியேற்றி இறுகிவிட்டது. பக்கத்தில் கொட்டிய புதுமண்ணின் எடையை அங்குள்ள களிமண் இப்போதுதான் முதன்முறையாகத் தாங்குகிறது என்பதால், பழைய பாதி அசையாமல் நிற்க, புதிய பாதி ஆண்டுக்கணக்கில் அமிழ்ந்துகொண்டே போகிறது. இடையில் சிக்கிய தார்த்தளம் கிழிகிறது. அதன் வழியே இறங்கும் மழைநீர் அடித்தளத்தை மேலும் இளக்குகிறது.

இதற்கான கணக்கை 1920களிலேயே மண் இயக்கவியலின் முன்னோடியான கார்ல் டெர்சாகி வகுத்துவிட்டார்: நீர் வெளியேறக் கடக்க வேண்டிய தூரம் பாதியானால், இறுகும் காலம் கால்வாசியாகக் குறையும். எனவேதான், நீர் குறுகிய தூரத்திலேயே வெளியேறும்படி, 10 செ.மீ. அகலமுள்ள வடிகால் பட்டைகளை ஏறக்குறைய 1 முதல் 1.5 மீட்டர் இடைவெளியில் களிமண்ணுக்குள் செங்குத்தாக இறக்கி, மேலே தேவைக்கு அதிகமாகவே மண்ணைக் குவித்து, அமிழ்வை அளந்தபடி சில மாதங்கள் காத்திருந்து, அது ஏறத்தாழ நின்றதும் உபரி மண்ணை அகற்றிவிட்டுத் தளம் போடுகிறார்கள். திறப்பு விழாத் தேதி நெருங்கினால் முதலில் பலியாவது இந்தக் காத்திருப்புதான் என்பது வேறு விஷயம்.

இணைப்பிலும் கவனம் வேண்டும். ரோலர் விளிம்புவரை ஏற முடியாததால் பழைய கரையின் சரிவு எப்போதும் சற்றுத் தளர்ந்தே கிடக்கும். அதன்மேல் அப்படியே மண்ணைச் சாய்த்தால் ஒட்டாது. தளர்ந்த மண்ணை நீக்கி, குறைந்தது 30 செ.மீ. அகலமுள்ள படிகளாகச் சரிவை வெட்டி, அடுக்கடுக்காகப் புதுமண்ணை இறுக்க வேண்டும். இணைப்பின் குறுக்கே ஜியோகிரிட் எனப்படும், மண்ணை வலுப்படுத்தும் வலையை விரிப்பதும் உதவும். ஆனால் வலை விரிசலைக் கட்டுப்படுத்துமே தவிர, அடியிலுள்ள களிமண் அமிழ்வதைத் தடுக்காது.

கேள்வி: சாலைப் பணிக்கு முன் துளையிட்டு, நாள் முழுவதும் சுத்தியலால் அடிக்கிறார்களே, எதற்கு?
– வாசகி, வேளச்சேரி

பதில்: மண்ணின் உறுதியை அளக்கும் சோதனை அது. 63.5 கிலோ எடையை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, துளையின் அடியிலுள்ள குழாயை 45 செ.மீ. இறக்குவார்கள், முதல் 15 செ.மீ. கணக்கில் சேராது, மீதி 30 செ.மீ. இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்பதே அளவு. களிமண்ணில் நான்கு முறை அடிப்பதற்குள் இறங்கினால் அது மென்களிமண். ஆயினும் அத்தகைய மண்ணுக்கு இந்த எண்ணை மட்டும் நம்பி வடிவமைக்கக் கூடாது. மெல்லிய சுவருள்ள குழாயில் மண்ணைக் குலையாமல் எடுத்து, எடை ஏற ஏற அது எவ்வளவு, எத்தனை நாளில் அமுங்குகிறது என்று ஆய்வகத்தில் பார்த்தாக வேண்டும்.