மான்ட்ரியல் கனேடியன்ஸ் ஐஸ் ஹாக்கி அணிக்குக் கனடாவின் பிரெஞ்சு பேசும் மாகாணமான கியூபெக்கில் இவ்வளவு செல்வாக்கு ஏன்?

வெற்றிகளே காரணம் என்று பலரும் பதில் சொல்வார்கள். வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பையை 24 முறை வென்ற அந்த அணியின் எண்ணிக்கையை வேறெந்த அணியும் நெருங்கவில்லை என்பது உண்மைதான். ஆயினும் கடைசிக் கோப்பை 1993இல் கிடைத்தது. அதன் பிறகும் அந்தப் பற்று குறையவில்லை என்பதால், அடிப்படைக் காரணம் மொழி என்றே நான் கருதுகிறேன்.

1909 டிசம்பரில் இந்த அணியைத் தொடங்கிய ஆம்ப்ரோஸ் ஓ'பிரையன், ரயில் பாதை ஒப்பந்தங்களிலும் வெள்ளிச் சுரங்கத்திலும் பொருள் சேர்த்த ஒன்டாரியோ குடும்பத்தைச் சேர்ந்தவர். மான்ட்ரியலின் பிரெஞ்சு மக்களுக்கென்று ஓர் அணி இருந்தால் அரங்கில் கூட்டம் சேரும் என்பதே கணக்கு. ஆங்கிலம் பேசுபவரின் வணிகக் கணக்கில் பிறந்த அணியைத்தான் பிரெஞ்சுக் கனடியர்கள் தமதாக்கிக் கொண்டார்கள்.

அந்தப் பிணைப்பை உறுதியாக்கியவர் மொரீஸ் ரிஷார். 1944–45 பருவத்தில் 50 ஆட்டங்களில் 50 கோல்கள் அடித்தவர் அவர். 1955 மார்ச் 13 அன்று பாஸ்டனில் நடந்த கைகலப்பில் அவர் ஒரு நடுவரைத் தாக்கியதால், பருவத்தின் எஞ்சிய ஆட்டங்களோடு கோப்பைக்கான ஆட்டங்களிலும் விளையாடக் கூடாது என்று தேசிய ஹாக்கி லீகின் (NHL) தலைவர் கிளாரன்ஸ் கேம்பல் தடை விதித்தார். தண்டனைக்கு முகாந்திரம் இருந்தது. ஆனால் நகரின் பெரிய நிறுவனங்களும் மேலதிகாரிகளும் ஆங்கிலத்தில் இயங்க, தொழிலாளர்கள் பிரெஞ்சு பேசிய காலம் அது. ஆங்கிலம் பேசும் கேம்பலின் தீர்ப்பைத் தங்கள் அன்றாட அவமதிப்பின் தொடர்ச்சியாகவே மக்கள் பார்த்தார்கள். மார்ச் 17 அன்று அணியின் சொந்த அரங்கான ஃபோரமிற்கு அவரே ஆட்டம் பார்க்க வந்ததும் முட்டைகளும் தக்காளிகளும் பறந்தன. கண்ணீர்ப்புகைக் குண்டு வெடித்தது. ஆட்டம் கைவிடப்பட்டு வெற்றி டெட்ராய்ட் அணிக்கு வழங்கப்பட்டது. வெளியேறிய கூட்டம் செயின்ட் கேத்தரின் தெருவில் கடைகளைச் சூறையாடியது. மறுநாள் ரிஷார் வானொலியில் பேசி மக்களை அமைதிப்படுத்தினார். ரிஷார் ஆட முடியாத அந்த இறுதி நாட்களில் சக வீரர் ஜெஃப்ரியோன் ஒரே ஒரு புள்ளியில் அவரை முந்தி வீரர்களின் புள்ளிப் பட்டியலில் முதலிடம் பெற்றபோது, அவரும் பிரெஞ்சுக் கனடியர்தான் என்பதைக்கூடப் பாராமல் சொந்த ரசிகர்களே கூச்சலிட்டுப் பழித்தார்கள்.

1960களில் கியூபெக் சமூகத்தைப் புரட்டிப்போட்ட அமைதிப் புரட்சிக்கு அந்தக் கலவரமே வித்திட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். அது பின்னாளில் திரும்பிப் பார்த்துச் சொல்வது. திருச்சபையின் பிடி தளர்ந்ததும் கல்வி அரசின் கைக்கு மாறியதும் ஹாக்கியால் நிகழ்ந்தவை அல்ல. ரிஷாரும் தன்னை ஹாக்கி வீரராக மட்டுமே கருதினார். எனினும் அடக்கி வைத்திருந்த மனக்குமுறல் தெருவுக்கு வந்த முதல் பெரிய தருணங்களில் அதுவும் ஒன்று என்பதை நான் ஏற்கிறேன்.

கலவரத்துக்கு அடுத்த ஆண்டான 1956 முதல் 1960 வரை ஐந்து கோப்பைகளைத் தொடர்ந்து வென்றது அணி. 1996இல் ஃபோரம் அரங்கை மூடிய இரவில், வயோதிகரான ரிஷார் பனித்தளத்தில் நிற்க, மக்கள் பல நிமிடங்கள் ஓயாமல் கைதட்டினார்கள். 2000இல் அவர் இறந்தபோது கியூபெக் அரசு அவருக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடத்தியது.

மொழி உணர்வு இன்றும் தணியவில்லை. 2011 டிசம்பரில் பிரெஞ்சு தெரியாத ராண்டி கன்னிவொர்த் இடைக்காலப் பயிற்சியாளராக அமர்த்தப்பட்டபோது எதிர்ப்பு கிளம்பியது. அணி நிர்வாகம் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. வீரர்களில் பிரெஞ்சுக் கனடியர்கள் குறைந்துபோனதைச் சகித்துக்கொள்ளும் ரசிகர்கள், பயிற்சியாளர் செய்தியாளர்களிடம் பிரெஞ்சில் பதில் சொல்ல வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. 2022இல் பொறுப்பேற்ற மார்ட்டின் சான் லூயி, மான்ட்ரியலை அடுத்த லாவாலில் பிறந்தவர்.