வீட்டு வேலைக்கு எந்த டார்க் ரெஞ்ச்? வாசகர் கேள்விகள்

கேள்வி: காரில் சக்கரம் கழற்றி மாட்டுவது, ஆயில் மாற்றுவது, ஸ்பார்க் பிளக், பிரேக் பேட் வரை நானே பார்த்துக்கொள்கிறேன். இதுவரை எல்லாம் கைக்கணக்கில்தான். இப்போது போல்ட்டைச் சரியான அளவுக்கு முறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் வாங்கலாம் என்று தேடினால் முள் வைத்தது, வைத்த அளவு வந்ததும் டிக் என்று சத்தம் போடுவது, டிஜிட்டல் என்று குழப்பமாக இருக்கிறது. எல்லா வேலைக்கும் ஆகிற மாதிரி ஒன்றைச் சொல்லுங்களேன்.

பதில்: வகையை அப்புறம் பார்க்கலாம். முதலில் உங்கள் கார் மாடலுக்கான சர்வீஸ் மேனுவலை எடுத்து, நீங்கள் தொடப்போகிற ஒவ்வொரு போல்ட்டுக்கும் எத்தனை நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையின் அலகு) என்று ஒரு தாளில் எழுதுங்கள். சாதாரண கார்களில் வீல் நட்டு பெரும்பாலும் 80 முதல் 140 வரை இருக்கும், பிரேக் பேடை அழுத்தும் காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட் போல்ட்டும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். ஆனால் ஆயில் டிரெயின் பிளக் பெரும்பாலும் 25 முதல் 45, ஸ்பார்க் பிளக் 15 முதல் 30, இன்ஜின் மேல் மூடியில் இருக்கும் சின்ன போல்ட்டுகள் 10 பக்கம். இந்தத் தாளைப் பார்த்தாலே தெரியும், ஒரே ரெஞ்ச் எல்லாவற்றுக்கும் ஆகாது.

ஏன் ஆகாது என்றால், டார்க் ரெஞ்சுகளுக்கான ஐஎஸ்ஓ 6789 தரவிதி, ரெஞ்சின் உச்ச அளவில் 20 சதவீதத்திலிருந்து 100 சதவீதம் வரைதான் அதைச் சோதிக்கிறது. 200 நியூட்டன் மீட்டர் ரெஞ்ச் என்றால் 40க்குக் கீழே அதை நம்பி வேலை செய்யக் கூடாது. அளவு தப்புவது ஒரு பக்கம் இருக்கட்டும், பெரிய ரெஞ்சைக் குறைந்த அளவில் வைத்தால் அந்த டிக் கையில் உறைப்பதே இல்லை. நீளமான கைப்பிடி வேறு, லேசாக இழுத்தாலே விசை ஏறிவிடும். சத்தம் வரவில்லையே என்று இன்னும் கொஞ்சம் இழுப்பீர்கள், அதற்குள் இன்ஜினின் அலுமினிய ஹெட்டில் ஸ்பார்க் பிளக்கின் மரை போயிருக்கும். அது பெரிய செலவு.

அதனால் இரண்டு வாங்குங்கள். சாக்கெட் மாட்டும் சதுர முனை அரை இஞ்ச் இருக்கிற மாதிரி 40 முதல் 200 வரை ஒன்று, எட்டில் மூன்று (3/8) இஞ்ச் இருக்கிற மாதிரி 10 முதல் 50 வரை ஒன்று. இப்போதைக்கு ஒன்றுதான் முடியும் என்றால் பெரியதை முதலில் வாங்குங்கள், ஏனென்றால் அடிக்கடி கழற்றுவது சக்கரத்தைத்தான், அது கழன்றால் போவது உயிர். ஸ்பார்க் பிளக்குக்கு அதுவரை வேறு வழி இருக்கிறது. வாஷர் வைத்த 14 மில்லிமீட்டர் புதுப் பிளக் என்றால் விரலால் முழுக்கத் திருகிவிட்டு அதற்கு மேல் அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை முறுக்கலாம். வாஷர் இல்லாத, அடிப்பக்கம் சரிவாக இருக்கும் பிளக் என்றால் ஒரு சுற்றில் பதினாறில் ஒரு பங்கு போதும். பிளக் டப்பாவிலேயே பெரும்பாலும் இது படத்தோடு இருக்கும்.

சரி, இப்போது வகை. என்னைக் கேட்டால் டிக் சத்தம் போடுவதுதான் வீட்டுக்குச் சரி. சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு காலிப்பர் போல்ட்டை முறுக்கும்போது முள்ளையோ திரையையோ பார்க்க முடியாது, சத்தமும் கையில் வரும் அந்த உதறலும்தான் துணை. முள் வைத்ததையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதில் கெட்டுப்போக ஒன்றுமே இல்லை, முள் பூஜ்யத்தில் நிற்காவிட்டால் லேசாக வளைத்துச் சரிசெய்துகொள்ளலாம், ஆனால் நேர் மேலிருந்து பார்த்தால்தான் அளவு சரியாகத் தெரியும். டிஜிட்டல் துல்லியமானது, சிலவற்றில் கோணமும் அளக்கலாம். சிலிண்டர் ஹெட் போல்ட் மாதிரி இவ்வளவு விசை, அதற்கு மேல் இத்தனை டிகிரி என்று கொடுத்திருக்கும் இடத்தில் அது உதவும். நீங்கள் சொன்ன வேலைகளுக்குத் தேவையில்லை.

வாங்கும்போது கைப்பிடியைத் திருப்பிப் பாருங்கள். கோடுகள் ஆழமாகப் பொறித்திருக்கிறதா, பூட்டினால் அளவு அசையாமல் நிற்கிறதா, கூட வரும் கேலிபரேஷன் (அளவு சரிபார்ப்பு) சான்றிதழில் இருக்கும் சீரியல் எண்ணும் ரெஞ்சில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா? ரெஞ்சின் ஒரு பக்கம் நியூட்டன் மீட்டரும் மறுபக்கம் பவுண்டு அடியும் இருந்தால் மிகவும் கவனம். ஒரு பவுண்டு அடி என்பது 1.36 நியூட்டன் மீட்டர், பக்கம் மாற்றிப் பார்த்து 100 வைத்தால் போல்ட்டில் ஏறுவது 136.

கேள்வி: வீல் நட்டு துருப்பிடிக்காமல் இருக்க மரையில் கிரீஸ் தடவிவிட்டு டார்க் ரெஞ்ச் போடலாமா?

பதில்: மேனுவலில் தடவச் சொல்லியிருந்தால் மட்டும். நீங்கள் கொடுக்கும் விசையில் ஏறக்குறைய பாதி நட்டின் அடிப்பக்க உராய்வுக்கே போய்விடும், மரையில் இன்னொரு பெரிய பங்கு போகும், போல்ட்டை இழுத்துப் பிடிக்கப் பயன்படுவது சுமார் பத்தில் ஒரு பங்குதான். கிரீஸ் போட்டு உராய்வைக் குறைத்தால் ரெஞ்ச் வைத்த அளவையேதான் காட்டும், போல்ட் மட்டும் தாங்க வேண்டியதைவிட அதிகமாக இழுபடும். கம்பி பிரஷ்ஷால் மரையைச் சுத்தம் செய்து காயவிட்டு மாட்டுங்கள். ஒன்றுக்கு எதிரே ஒன்றாக, இரண்டு மூன்று சுற்றில் ஏற்றுங்கள், ஜாக்கியை இறக்கி டயர் தரையில் பட்ட பிறகு கடைசிச் சுற்று. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: டிக் கேட்ட பிறகு உறுதிக்காக இன்னும் இரண்டு முறை இழுக்கலாமா?

பதில்: வேண்டாம். நிதானமாக, கைப்பிடியின் நடுவைப் பிடித்து இழுங்கள், ஒரு டிக், அதோடு நிறுத்துங்கள். ஒவ்வொரு கூடுதல் இழுப்பும் கொஞ்சம் கூடுதல் முறுக்குதான். இன்னொன்று, ஏற்கெனவே அளவுக்கு மீறி முறுக்கிய நட்டிலும் ரெஞ்ச் டிக் என்றுதான் சொல்லும். சந்தேகம் இருந்தால் தளர்த்திவிட்டு முதலிலிருந்து முறுக்குவதுதான் வழி.

கேள்வி: அப்பா வைத்திருந்த பழைய ரெஞ்ச் ஒன்று இருக்கிறது. 120இல் வைத்தபடியே பல வருடம் கிடந்திருக்கிறது. நம்பலாமா?

பதில்: சோதிக்காமல் நம்ப வேண்டாம். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அத்தனை காலம் அழுந்தியே இருந்திருக்கிறது. வீட்டிலேயே ஒரு தோராயமான சோதனை செய்யலாம். ரெஞ்சின் சதுர முனையை பெஞ்ச் வைஸில் இறுக்கி, ரெஞ்ச் படுக்கை வாட்டில் நிற்கும்படி வையுங்கள், எடை கீழே இழுக்கும் திசை போல்ட்டை முறுக்கும் திசையாக இருக்க வேண்டும். சதுரத்தின் மையத்திலிருந்து கைப்பிடியின் நடு வரை அளந்துகொள்ளுங்கள். அது 40 சென்டிமீட்டர் என்றால், கேனோடு சேர்த்து 15 கிலோ வரும்படி தண்ணீர் நிரப்பி அந்த இடத்தில் மெதுவாகத் தொங்கவிடுங்கள். 15 × 9.8 × 0.4, சுமார் 59 நியூட்டன் மீட்டர், ரெஞ்சின் சொந்த எடை இன்னும் கொஞ்சம் சேர்க்கும். 50இல் வைத்தால் டிக் வர வேண்டும், 70இல் வைத்தால் வரக் கூடாது. இதிலேயே தவறினால் கேலிபரேஷன் செய்யும் இடத்துக்குக் கொடுங்கள், நீங்களே பிரிக்காதீர்கள். தேறினாலும் ஒரு முறை கொடுத்துப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் இந்தச் சோதனையில் பெரிய கோளாறு மட்டும்தான் பிடிபடும். இனிமேல் வேலை முடிந்ததும் அளவைக் கடைசிக் கோடு வரை இறக்கி வையுங்கள், அதற்குக் கீழே இறக்க வேண்டாம்.

கேள்வி: நட்டைக் கழற்றவும் இதையே போடலாமா?

பதில்: கூடாது. இறுகிப்போன நட்டு எத்தனை நியூட்டன் மீட்டரில் அசையும் என்று யாருக்கும் தெரியாது, ரெஞ்சின் உச்ச அளவைத் தாண்டிவிட்டால் உள்ளே அளவு மாறிப்போகும். கழற்றுவதற்கு நீளமான ஒரு சாதாரண சாக்கெட் கம்பியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.