எச்.ஆர்.டி எடுக்கிறதா விடுறதா? மூண்டு வருசம் யோசிச்சுப் போட்டு எடுத்தவள் சொல்லுறன்

உங்கட கேள்வி நானே எழுதினது மாதிரி இருந்திச்சு. வயசு 49, பீரியட்ஸ் ஒருக்கா ரெண்டு மாசத்தில, ஒருக்கா நாலு மாசத்தில வருது, ராத்திரி வேர்த்து எழும்புறீங்கள், பிள்ளையளோட எரிஞ்சு விழுறீங்கள், டொக்டர் இது மெனோபோஸ், பீரியட்ஸ் நிக்கப்போற காலம், எச்.ஆர்.டி எண்டு குறையிற ஹோமோன மருந்தா எடுங்கோ எண்டுறா, அக்கா கென்சர் வரும் எண்டுறா, எடுக்கலாமா, வேற வழி ஏதும் இருக்கா எண்டு கேட்டிருக்கிறீங்கள். நான் டொக்டர் இல்ல, வெள்ளவத்தையில இருக்கிற 52 வயசு பேங்க்காரி. எனக்கு நடந்ததையும் முடிவெடுக்க முதல் நான் தேடி வாசிச்சதையும் சொல்லுறன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

எனக்குத் தொடங்கினது 2022இல. அந்த மார்ச் மாசம் ஞாபகம் இருக்கும் தானே, கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்ல. நாங்கள் ஃபிளாட்டில நாலாம் மாடி, ஜன்னலத் திறந்தா கடல்காத்து கொஞ்சம் வரும், அதோட நுளம்பும் வரும். கொழும்பு முழுக்க வேர்த்து நனைஞ்சு கிடக்கேக்க நான் மட்டும் வித்தியாசமா வேர்க்கிறன் எண்டு எனக்கு எப்பிடி விளங்கும்? பேந்து கரண்ட் ஒழுங்கா வரத் தொடங்கிச்சு, ஃபான் ஃபுல் ஸ்பீட்டில சுத்துது, இவர் போர்வைய இழுத்துக் கழுத்து மட்டும் போர்த்துக்கொண்டு படுத்திருக்கிறார், பக்கத்தில நான் தலகாணி ஈரமாகி எழும்பிக் குந்தியிருக்கிறன். அண்டைக்குத்தான் இது கரண்டின்ர பிழை இல்ல எண்டு தெரிஞ்சது.

அதையும் பேசாம விட்டிருப்பன், ஆனா பகலிலயும் வரத் தொடங்கிட்டுது. ஒருநாள் கவுண்டரில இருக்கிறன், ஏசி நல்லா ஓடுது, பக்கத்துக் கவுண்டர் பிள்ளை சுவெட்டர் போட்டிருக்கு. நெஞ்சுக்குள்ள இருந்து ஒரு சூடு கிளம்பி கழுத்து, காது, முகம் எண்டு ஏறுது, சாறி பிளவுஸ் முதுகோட ஒட்டிப்போச்சு, எண்ணிக்கொண்டிருந்த அஞ்சாயிரம் ரூபாத் தாளெல்லாம் விரல் ஈரத்தில ஒண்டோடொண்டு ஒட்டுது. முன்னால நிண்ட வயசான ஒரு சிங்கள ஐயா குனிஞ்சு பாத்து “மிஸ், அசனீபத?” (சுகமில்லையோ) எண்டு மெதுவாக் கேட்டார். நே நே, இல்ல எண்டு சொல்லிப்போட்டு மூண்டு தரம் எண்ணினன், மூண்டு தரமும் மூண்டு கணக்கு. 25 வருசமா காசு எண்ணுற எனக்கு அந்த வேர்வைய விட இதுதான் பயமாக் கிடந்திச்சு, மூளையில ஏதோ பிரச்சினை வந்திட்டுது எண்டு நினைச்சன். அதுவும் இதோட சேந்ததுதான், மறதி, வார்த்தை நாக்கில வந்து நிக்கிறது, எல்லாம்.

முதல் சனல் பண்ணின, அதாவது காசு கட்டி நம்பர் எடுத்த டொக்டரிட்ட ரெண்டு மணித்தியாலம் காத்திருந்து உள்ளுக்கு இருந்தது நாலு நிமிசம். இந்த வயசில இதெல்லாம் நோர்மல் எண்டு சொல்லி கல்சியம் எழுதித் தந்து அனுப்பிட்டார். நோர்மல் எண்டது எனக்கும் தெரியும், பிள்ளைப்பேறு நோவும் நோர்மல்தான், அதுக்காக ஆரும் பேசாமக் கிட எண்டு விடுறேல்ல.

அதுக்குப் பிறகு ஒரு வருசத்துக்கு மேல கண்ட கண்டதெல்லாம் செய்தன். வெந்தயம் ஊறப்போட்டுக் குடிச்சன், சோயா சாப்பிட்டன், லண்டன் தங்கச்சி ஈவ்னிங் பிரிம்ரோஸ் ஒயில் குளிசை போத்தல் போத்தலா அனுப்பினவ. ஒண்டாலும் எனக்குப் பெரிசா வித்தியாசம் தெரியேல்ல. கொஞ்சம் உதவினது எதெண்டா, பின்னேரம் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிற பிளேன்டீய ஆற வச்சுக் குடிச்சது, ராச்சாப்பாட்டில கொச்சிக்காய்த் தூள் குறைச்சது, மரீன் டிரைவில விடிய நடந்து நாலு கிலோ குறைஞ்சது. உடம்பு குறைஞ்சா வேர்வையும் குறையும் எண்டு டொக்டர்மாரும் சொல்லுறவை. நீங்கள் இதுகள முதல் செய்து பாருங்கோ, நட்டமில்ல. ஆனா ராத்திரி நாலு தரம் எழும்புறவளுக்கு இது மட்டும் காணாது.

ஏன் இப்பிடி வருது எண்டு விளங்கினா பயம் பாதி குறையும். எங்கட மூளையில ஹைபோதலமஸ் எண்டு ஒரு சின்ன இடம் இருக்கு, உடம்புச் சூட்டைப் பாத்துக்கொள்ளுறது அதுதான். ஈஸ்ட்ரஜன் எண்ட பெண் ஹோமோன் குறையேக்க அந்த இடம் தேவையில்லாமப் பதறத் தொடங்குது, துளி சூடு ஏறினாலும் ஐயோ கொதிக்குது எண்டு ரத்தக் குழாயெல்லாத்தையும் விரிச்சு வேர்வையத் திறந்து விடுது, பேந்து குளிர் எடுக்கிறதும் அதாலதான். அமெரிக்காவில ஆயிரக்கணக்கான பெண்கள வருசக்கணக்காத் தொடர்ந்து பாத்த ஸ்வான் எண்ட ஆய்வில இந்த வேர்வை சராசரியா 7 வருசத்துக்கு மேல நீடிச்சதாம். ஆறு மாசத்தில போயிடும் எண்டு ஆராவது சொன்னா நம்பாதீங்கோ. இன்னொண்டு, எல்லாத்தையும் மெனோபோஸ் தலையில போடாம முதல் தைரொயிட்டும் ஹீமோகுளோபினும் செக் பண்ணுங்கோ. என்னோட வேலை செய்யிற ஒராள் ஒண்டரை வருசம் மெனோபோஸ் எண்டு நினைச்சுக் கிடந்தவ, கடைசியில பாத்தா தைரொயிட் கூடிப்போய் இருந்திச்சு.

இனி கென்சர் கதைக்கு வாறன். எங்கட வீட்டில அந்தப் பயம் சும்மா வரேல்ல. சின்னம்மாக்கு மார்புப் புற்றுநோய், மகரகம கென்சர் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போய் வந்தனான், அந்த வரிசையில இருந்தவைக்குத் தெரியும். அதால ஹோமோன் எண்ட சொல்லக் கேட்டாலே எனக்கு வயித்தக் கலக்கும்.

உங்கட அக்கா சொல்லுறதுக்கும் காரணம் இருக்கு. 2002 ஜூலையில அமெரிக்காவில டபிள்யூ.எச்.ஐ எண்ட பெரிய ஆய்வில ஒரு பகுதிய இடையில நிப்பாட்டினவை. பதினாறாயிரத்துச் சொச்சப் பெண்கள், பாதிப்பேருக்கு ஈஸ்ட்ரஜனும் புரொஜெஸ்டினும் (புரொஜெஸ்டரோன் வகை ஹோமோன்) சேந்த குளிசை, மற்றப் பாதிக்குச் சும்மா குளிசை. மார்புப் புற்றுநோய் 26 வீதம் கூடுது எண்டு பேப்பரெல்லாம் போட்டது, உலகம் முழுக்கப் பெண்கள் குளிசையத் தூக்கி எறிஞ்சவை. எனக்கு அப்ப 28 வயசு, அந்தச் செய்தி மங்கலா ஞாபகம் இருக்கு. ஆனா அந்த 26 வீதத்தை ஆளா மாத்திப் பாருங்கோ, நான் பேங்க்காரி எண்டதால முதல் அதைத்தான் பாத்தன். வருசத்துக்கு பத்தாயிரம் பேரில குளிசை எடுக்காதவையில 30 பேருக்கு வந்திச்சு, எடுத்தவையில 38 பேருக்கு வந்திச்சு. எட்டுப்பேர் கூட. எட்டுப்பேரும் எட்டுக் குடும்பம்தான், நான் அதச் சின்னதாச் சொல்லேல்ல, ஆனா அக்காமார் சொல்லுற மாதிரி எடுத்தாக் கட்டாயம் வரும் எண்டதும் இல்ல. ஸ்ட்ரோக்கும் அந்த அளவுக்குத்தான் கூடினது, ரத்தக்கட்டி அத விடக் கூட, இடுப்பெலும்பு முறிவும் குடல் புற்றுநோயும் குறைஞ்சது. அதோட அந்த ஆய்வில இருந்தவையின்ர சராசரி வயசு 63, எங்கள மாதிரி வேர்வை தொடங்கின 50 வயசுக்காரர் இல்ல. கர்ப்பப்பை எடுத்தவைக்கு ஈஸ்ட்ரஜன் மட்டும் குடுத்த மற்றப் பகுதியில மார்புப் புற்றுநோய் கூடவே இல்ல.

சரி அப்ப ஒண்டும் இல்லத் தானே எண்டு முடிக்கவும் ஏலாது. 2019இல லான்செட் எண்ட மருத்துவ சஞ்சிகையில வந்த கணக்கில, 50 வயசில தொடங்கி அஞ்சு வருசம் ஒவ்வொரு நாளும் ரெண்டு ஹோமோனும் எடுத்தா 50 பேரில ஒராளுக்கு மேலதிகமா அடுத்த 20 வருசத்துக்குள்ள வருதாம், ஈஸ்ட்ரஜன் மட்டும் எண்டா 200 பேரில ஒராளுக்கு. இது முந்தினத விடக் கூடின கணக்கு. ஆனா உடம்பு நல்லாப் பெருத்துப்போனா வாற ஆபத்து எச்.ஆர்.டியால வாறத விடக் கூட எண்டு பிரிட்டிஷ் மெனோபோஸ் சொசைட்டி சொல்லுது, அதுக்கு ஒருத்தரும் பயந்து கொத்து ரொட்டிய விடேல்லயே. 2025 நவம்பரில அமெரிக்காவில மருந்துகளுக்கு அனுமதி குடுக்கிற எஃப்.டி.ஏயும் இந்த மருந்துப் பெட்டியில இருக்கிற பெரிய எச்சரிக்கையள எடுக்கப்போறம் எண்டு அறிவிச்சது. என்னைக் கேட்டா அதப் பாத்தும் துள்ளத் தேவையில்ல. 2002இல ஒரேயடியாப் பயந்ததும் பிழை, இப்ப ஒரேயடியாக் கொண்டாடினாலும் பிழை.

ரெண்டாவதாச் சனல் பண்ணின வி.ஓ.ஜி (பெண்கள் நோய்க்குரிய ஸ்பெஷலிஸ்ட்) ஒரு பொம்பிளை டொக்டர். அவ முதல் கேட்டது கேள்வி, மருந்து பிறகுதான். காலில, நெஞ்சில ரத்தம் கட்டினதா, ஸ்ட்ரோக், ஹார்ட் அட்டாக் வந்ததா, ஈரல் வருத்தம், காரணம் தெரியாத ரத்தப்போக்கு, மார்பில கட்டி, பிரஷர், மைக்ரேன், வீட்டில ஆருக்குக் கென்சர், எத்தினை வயசில. சின்னம்மாக்கு 66 வயசில வந்தது எண்டு சொன்னன். அம்மா, கூடப்பிறந்த அக்கா தங்கச்சி எண்டா, அதுவும் சின்ன வயசில வந்திருந்தா, வேற மாதிரி யோசிப்பன், சின்னம்மா ஒராளுக்கு அந்த வயசில வந்ததுக்காக உங்களுக்கு மறிக்கமாட்டன் எண்டா. மெமோகிராம், ஸ்கேன், பிரஷர் பாத்தா. உங்களுக்கே மார்புப் புற்றுநோய் வந்திருந்தா இந்தக் கதையே வேற, பொதுவா எச்.ஆர்.டி குடுக்கமாட்டினம். அவைக்கு ஹோமோன் இல்லாத மருந்துகள் இருக்கு, வென்லாஃபக்சின், கபாபென்டின் மாதிரி. அதிலயும் மார்புப் புற்றுநோய்க்கு டமோக்சிஃபன் எடுக்கிறவை, வேர்வைக்குக் குடுக்கிற பரோக்செட்டின் எடுக்கக்கூடாது, அது டமோக்சிஃபனின்ர வேலையக் குழப்பும். ஆகவே பாமசியில சும்மா கேட்டு வாங்காதீங்கோ.

எனக்கு எழுதினது ஈஸ்ட்ரஜன் ஜெல்லும், ராத்திரிக்கு ஒரு புரொஜெஸ்டரோன் குளிசையும். கர்ப்பப்பை இருக்கிறவை ஈஸ்ட்ரஜன மட்டும் எடுத்தா உள்சுவர் தடிச்சு அங்க கென்சர் வரலாம், அதத் தடுக்கத்தான் ரெண்டாவது. ஜெல் ஏனெண்டா, குளிசையா விழுங்கினா ஈரலுக்குள்ளால போய் ரத்தம் கட்டுற தன்மையக் கூட்டும், தோலால போனா அந்தப் பிரச்சினை இல்ல. உங்கட டொக்டர் குளிசை எழுதினா, ஜெல் இல்லாட்டி பெட்ச் ஏலாதா எண்டு கேளுங்கோ, கேக்கிறதில வெக்கமில்ல. ஜெல்லுக்கு நான் காலி வீதியில மூண்டு பாமசி ஏறி இறங்கினனான் எண்டதையும் சொல்லிப்போடுறன்.

ரெண்டு மாசத்தில வேர்வை ஒண்டு ரெண்டாக் குறைஞ்சது, அந்தக் குளிசை கொஞ்சம் நித்திரையும் தாறது எனக்கு போனஸ். முதல் மூண்டு மாசம் மார்பு நொந்தது, இடைக்கிடை சாதுவா ரத்தம் பட்டது. தொடக்கத்தில அப்பிடி இருக்கும், ஆறு மாசம் தாண்டியும் பட்டா காட்டோணும். உங்களுக்குப் பீரியட்ஸ் இன்னும் வருது எண்டதால இன்னொண்டும், எச்.ஆர்.டி கருத்தடை இல்ல. 50க்கு முதல் பீரியட்ஸ் நிண்டா ரெண்டு வருசம், பிறகு நிண்டா ஒரு வருசம் பாதுகாப்பு வேணும். 49இல பிள்ளை பெத்தவை இருக்கினம், சிரிக்காதீங்கோ.

ஒருத்தரும் வாய் திறக்காத ஒண்டு, கீழ வாற வரட்சி, எரிவு, அடிக்கடி வாற சலக்கடுப்பு. அதுக்கெண்டு உள்ளுக்கு வைக்கிற ஈஸ்ட்ரஜன் கிரீம் இருக்கு, ரத்தத்தில சேருறது நல்லாக் குறைவு, எச்.ஆர்.டி வேண்டாம் எண்டு முடிவெடுத்தாலும் இத மட்டும் தனியாக் கேக்கலாம். வேர்வை காலப்போக்கில போகும், இது தானாப் போகாது.

சனலிங் செலவு கட்டாது எண்டா எம்.ஓ.எச் ஒஃபிஸில, அதாவது உங்கட பகுதி அரசாங்க சுகாதார ஒஃபிஸில நடக்கிற வெல் வுமன் கிளினிக்குக்குப் போங்கோ, பிரஷர், சீனி, மார்பு, பெப் டெஸ்ட் எல்லாம் காசில்லாமப் பாப்பினம், தேவையெண்டா அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு அனுப்புவினம்.

இத எழுதேக்க மாமி பக்கத்தில இருக்கிறா, அவவின்ர கதையையும் சொல்லிப்போடுறன். நான் விடிய குளிச்சிட்டு தொடையில ஜெல் பூசுறதக் கண்டு கால்நோவுக்கு எண்டு நினைச்சிருக்கிறா. ஒருநாள் முழங்கால நீட்டிக்கொண்டு “எனக்கும் கொஞ்சம் பூசிவிடு பிள்ளை” எண்டா. நான் ஓடிப்போய் ரியூப்ப அலுமாரிக்குள்ள வச்சன், ஏனெண்டா அது மற்றவையின்ர தோலில படவே கூடாது, பூசினாக் கை கழுவி, காய விட்டு, உடுப்பால மூடோணும், சின்னப் பிள்ளையள் இருக்கிற வீடெண்டா இன்னும் கவனம். பேந்து வேற வழியில்லாம எதுக்குப் பூசுறன் எண்டு சொன்னன். எங்கட காலத்தில இதெல்லாம் ஆர் பாத்தது எண்டு தொடங்குவா எண்டுதான் நினைச்சன்.

கொஞ்ச நேரம் பேசாம இருந்திட்டுச் சொன்னா, 1997இல யாழ்ப்பாணத்தில கொக்குவில் வீட்டில, சண்டைக் காலம், ஊரடங்கு நேரம், ராத்திரி ரெண்டு மணிக்கு இவ எழும்பிப் போய் கிணத்தடியில நிண்டு வாளி வாளியாத் தலையில ஊத்துவாவாம். கப்பி கிறீச்செண்டு சத்தம் போட்டா சந்தியில நிக்கிற ஆமிக்காரன் லைட் அடிப்பான் எண்டு மாமா தேங்காயெண்ணெய்ப் போத்தலோட பின்னால போய்க் கப்பிக்கு எண்ணெய் விட்டவராம். “உனக்கு என்ன செய்யுது எண்டு அவர் கேக்கேல்ல, எனக்கும் சொல்லத் தெரியேல்ல” எண்டா.