ஷிஃப்ட் மாறலாம், லேன்டஸ் மணி மாறக் கூடாது

கேள்வி: பெங்களூரு மாரத்தஹள்ளியில் இருக்கிறேன். வயது 31. ஆறு வருடமாக டைப் 1 சர்க்கரை நோய். ஒரு வங்கியின் புரொடக்‌ஷன் சப்போர்ட் டீமில் வேலை. இரண்டு வாரம் பகல் ஷிஃப்ட், அடுத்த இரண்டு வாரம் மாலை 6.30 முதல் அதிகாலை 3.30 வரை. இரவு 10 மணிக்கு லேன்டஸ் (நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின்) 18 யூனிட், மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன் நோவோராபிட் (வேகமாக வேலை செய்யும் இன்சுலின்). நைட் வாரங்களில் 2 மணி வாக்கில் சுகர் 58, 60 என்று இறங்குகிறது. தூங்கி எழுந்தால் 280. மேனேஜருக்கு எதுவும் தெரியாது. வேலையை விட்டுவிடலாமா?

பதில்: இப்போதே விட வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், மாற்ற வேண்டியது முதலில் ஊசி போடும் நேரம்தான். அளவு அப்புறம்.

லேன்டஸ் ஏறத்தாழ 24 மணி நேரம் வேலை செய்யும். பலருக்கு அது முடிவதற்குச் சற்று முன்பே பலம் குறையும். நைட் ஷிஃப்டில் 10 மணி என்பது பிரிட்ஜ் காலின், அதாவது பலர் சேர்ந்து பிரச்சினையைப் பேசித் தீர்க்கும் போன் கூட்டத்தின் நடுப்பகுதி. ஒருநாள் 11.30, மறுநாள் 1 மணி என்று ஊசி தள்ளிப்போனால் நடுவில் பேசல் இன்சுலின், அதாவது நாள் முழுக்கத் தேவையான அடிப்படை இன்சுலின், இல்லாத இடைவெளி விழும், சுகர் ஏறும். அதைக் குறைக்கக் கூடுதலாக நோவோராபிட் போடுவீர்கள், அது 2 மணிக்கு இறக்கிவிடும்.

இரண்டு ஷிஃப்டிலும் நீங்கள் விழித்திருக்கிற, யாரும் மீட்டிங் வைக்காத நேரம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். உங்களுக்கு அது மாலை 5 மணி. பகல் வாரத்தில் ஆபீஸில் டீ நேரம். நைட் வாரத்தில் கேப் வருவதற்கு முன் வீட்டில். 10 மணியிலிருந்து 5 மணிக்கு ஒரே நாளில் தாவினால் இரண்டு ஊசிகளும் ஒன்றின் மேல் ஒன்று விழும். நாளுக்கு ஒரு மணி நேரம் முன்னே தள்ளினால் ஐந்து நாளில் வந்துவிடலாம். அதைப் பகல் வாரத்தில் ஆரம்பியுங்கள், முன்கூட்டி டாக்டரிடம் சொல்லிவிட்டு. நேரம் தவறுவது தவிர்க்கவே முடியாது என்றால் இன்னும் நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினான டெக்லுடெக், அதாவது ட்ரெசிபா பற்றி டாக்டரிடம் கேளுங்கள். 42 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யும் என்பதால், இரண்டு ஊசிகளுக்கு நடுவே 8 மணி நேரம் இருந்தால் போதும். விலை அதிகம், அதனால் அதை இரண்டாவது வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நோவோராபிட். போட்டு 10, 15 நிமிடத்தில் வேலையைத் தொடங்கி, 1 முதல் 3 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், 3 முதல் 5 மணி நேரம் இருக்கும். சாப்பாட்டுக்கு முன் போட்டால்தான் சாப்பிட்டபின் ஏறும் சுகர் அடங்கும் என்பது சரி. ஆனால் ஊசி போட்டு கேன்டீனுக்கு நடக்கும்போது சீவியாரிட்டி ஒன் டிக்கெட், அதாவது உடனே கவனிக்க வேண்டிய பெரிய கோளாறு வந்தால்? நைட் வாரத்தில் தட்டு கைக்கு வந்தபின் போடுங்கள். அவசியமானால் சாப்பிட்டு முடித்த கையோடு போடலாம், இந்த மருந்துக்கு அதற்கு இடம் உண்டு. சுகர் சற்று ஏறும்; 58-ஐ விட அது எவ்வளவோ மேல். போட்ட பிறகு கால் வந்துவிட்டால் டெஸ்க்கில் 200 மில்லி டெட்ராபேக் ஜூஸ் இருக்கட்டும். சுமார் 25 கிராம் கார்போஹைட்ரேட் இருக்கும், பாக்கெட்டின் பின்பக்கம் பார்த்துக்கொள்ளுங்கள். மோர் இதற்கு உதவாது. அவசரத்தில் வெண்டிங் மெஷினில் எடுக்கிற ஜீரோ கோலாவில் சர்க்கரையே இல்லை.

நள்ளிரவு கேன்டீனில் கிடைப்பது பெரும்பாலும் ஃபிரைடு ரைஸும் பரோட்டாவும். எண்ணெய் உள்ள சாப்பாடு வயிற்றில் மெதுவாகத்தான் இறங்கும். இன்சுலின் முதலில் உச்சத்துக்குப் போய் சுகரை லோ (70-க்குக் கீழே) ஆக்கும்; சாப்பாட்டின் சர்க்கரை மூன்று நான்கு மணி நேரம் கழித்து, நீங்கள் தூங்கும்போது வந்து சேரும். உங்கள் 58-க்கும் 280-க்கும் இந்த ஒரு தட்டே காரணமாக இருக்கலாம். டிபன் பாக்ஸில் இட்லியோ தயிர்சாதமோ கொண்டுபோனால் கணக்குப் போடுவது சுலபம்.

லோ ஆனால் செய்ய வேண்டியது: 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூன்று டீஸ்பூன் குளுக்கோன் டி, அரை டம்ளர் தண்ணீரில். 15 நிமிடம் காத்திருந்து விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு முறை. ஏறியபின், அடுத்த சாப்பாடு ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளி என்றால் ஒரு டம்ளர் பாலும் இரண்டு மாரி பிஸ்கட்டும். சாக்லேட்டில் கொழுப்பு இருப்பதால் தாமதமாகும். நடுக்கத்தில் கையில் கிடைத்ததையெல்லாம் சாப்பிடுவதுதான் 280-க்கு அடுத்த காரணம். பிறகு 4 மணிக்கு, ஏறிய சுகரை இறக்கக் கரெக்‌ஷன் ஊசி போட்டுப் படுத்தால் இன்னும் ஆபத்து. முந்தைய நோவோராபிட் போட்டு 4 மணி நேரம் ஆகாமல் இன்னொன்று வேண்டாம்.

பதற்றமான போன் காலின் நடுவே ஒன்றும் சாப்பிடாமலே சுகர் 200-ஐத் தாண்டலாம். அட்ரினலினும் கார்ட்டிசாலும் கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளியே தள்ளும். அதற்கு அப்போதே ஊசி போட்டால், கால் முடிந்து உடம்பு அடங்கும்போது அந்த ஊசி உங்களைக் கீழே இழுத்துவிடும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்து முடிவெடுங்கள்.

விரலில் அடிக்கடி குத்த முடியாதவர்களுக்கு தோலில் ஒட்டிக்கொண்டு சுகரைத் தொடர்ந்து அளக்கும் லிப்ரே சென்சார் நல்ல துணை, அலாரம் உள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்கள். ஒன்று சுமார் இரண்டு வாரம் வரும். திசுநீரை அளப்பதால் ரத்தத்தைவிட 5 முதல் 15 நிமிடம் பின்தங்கும். லோ அலாரத்தை நைட் வாரத்தில் 80-க்கு வையுங்கள். ஆனால் வங்கி வேலை நடக்கும் ஓடிசி தளத்துக்குள் (வாடிக்கையாளருக்காகத் தனியே பூட்டிய அலுவலகப் பகுதி) பல இடங்களில் போனை விடுவதில்லை, அலாரம் லாக்கருக்குள்ளேயே அடிக்கும்.

இதனால்தான் மேனேஜரிடம் சொல்லியாக வேண்டும். நோயின் முழுக் கதை வேண்டாம். டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி எச்ஆர் வழியாகக் கொடுங்கள். போனோ சென்சாரைப் படிக்கும் ரீடரோ மருத்துவக் கருவி என்பதால் உள்ளே அனுமதி, டெஸ்க்கில் இன்சுலின் பேனாவும் குளுக்கோஸும், இரவில் குறித்த நேரத்தில் 20 நிமிடம் சாப்பாட்டு இடைவேளை: இந்த மூன்றும் அதில் இருந்தால் போதும். ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் 2016-ன் 21 வகைகளில் டைப் 1 இல்லை, ஆகவே உரிமை என்று வாதாடாமல் கேட்டுப் பெறுவதே நடைமுறை. கர்நாடகா கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1961-ன்படி வருடம் 12 நாள் வரை சம்பளத்துடன் நோய்க்கால விடுப்பு உண்டு என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பக்கத்து சீட்டில் ஒருவருக்காவது சொல்லிக்கொடுங்கள்: மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும்.

சின்ன விஷயங்கள் சில. குளுக்கோஸ் கேப்பின் டிக்கியில் வைத்த பையில் இருந்தால் வெளிவட்டச் சாலை நெரிசலில் எட்டாது, உடுப்பின் பாக்கெட்டிலேயே வையுங்கள். நீங்களே வண்டி ஓட்டினால் 90-க்கு மேல் இருந்தால் மட்டும் கிளம்புங்கள். திறந்த லேன்டஸ் பேனா 30 டிகிரிக்குக் கீழே 28 நாள் தாங்கும். திறந்த தேதியைப் பேனாவிலேயே எழுதுங்கள். பேன்ட்ரி ஃபிரிட்ஜில் ஃபிரீசர் பக்கம் ஒட்டிவைத்து உறைந்துபோனால், உருகியபின் அதைத் தூக்கி எறிவதுதான் சரி. காய்ச்சலோ வாந்தியோ வந்து சாப்பிட முடியாவிட்டாலும் லேன்டஸை நிறுத்தாதீர்கள். சுகர் 250-க்கு மேல் போய் வாந்தியும் இருந்தால் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது உடம்பில் சேரும் அமிலம்) பாருங்கள். கீட்டோன் கூடுதலாக இருந்தாலோ வாந்தி நிற்காவிட்டாலோ, லாகின் பண்ணாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எட்டு வாரம், அதாவது இரண்டு நைட் சுற்று, இப்படி நடத்திவிட்டு நைட் வாரங்களின் சென்சார் ரிப்போர்ட்டைப் பாருங்கள். 70 முதல் 180 வரை 70 சதவீத நேரம் இருக்க வேண்டும். 70-க்குக் கீழே 4 சதவீதத்துக்குள், அதாவது நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள். அதைத் தாண்டினால் ரிப்போர்ட்டோடு போய் ஒரே ஷிஃப்ட் கேளுங்கள். பகல் கிடைக்காவிட்டால் நிரந்தர நைட்கூட இந்த மாறிமாறி வரும் ஷிஃப்டைவிடச் சமாளிக்க எளிது. ஆனால் 58 வந்தும் நடுக்கமோ வியர்வையோ தெரியவில்லை என்றால் எட்டு வாரம் காத்திருக்க வேண்டாம். நைட்டை நிறுத்திவிட்டு இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.